பழநூலுக்கு அஞ்சும் மாணவர்: நன்னூற் பொதுப்பாயிரமும் கல்லூரித் தகுதிகாண் விதிகளும்

ஆய்வுச்சுருக்கம்

மதிப்பெண் குறைந்த கல்லூரி மாணவரை ஒரு பருவத்துக்குக் கண்காணிப்பில் வைத்து, அதற்குள் அவர் முன்னேறாவிடில் படிப்பிலிருந்து விலக்கும் விதி, வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வருகைப்பதிவு விதி, அரியர், மெல்லக் கற்போர் பட்டியல் ஆகியவை அவ்விதியின் பணியைத் தமக்குள் பகிர்ந்துகொண்டுள்ளன. இவ்விதிகளை நன்னூற் பொதுப்பாயிரத்தின் ஆசிரியர், மாணாக்கர் பகுதிகளோடு ஒப்புநோக்கித் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பின்தங்கும் மாணவரின் நிலையை இயல்பாகக் கருதிவிடுவது பாயிரத்தின் குறை. ஆசிரியரின் கடமையை விதிக்குள் கொண்டுவராதது இன்றைய நடைமுறையின் குறை. ஒன்றன் குறையை மற்றொன்றைக் கொண்டு நிரப்ப இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், மாணாக்கர் இலக்கணம், தகுதிகாண் நிலை, மெல்லக் கற்போர், அரியர்.

முன்னுரை

இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவர் தம் தொடக்கப் பருவங்களிலேயே நன்னூலைச் சந்திக்கிறார். எழுத்ததிகாரத்துக்கு முன்னே பாயிரம் நிற்கிறது. மாணாக்கரின் இயல்பையும், யாருக்கு நூல் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாகாது என்பதையும் அப்பாயிரம் வகுத்துரைக்கிறது. சொல்லலாகாதவர் வரிசையில், பழைய நூல்களைக் கண்டு அஞ்சி மனந்தடுமாறுபவரும் இடம்பெறுகிறார். இலக்கணத் தாளில் அரியர் வைத்திருப்போருள் இத்தகையவர் உண்டு என்பதை அத்தாளைக் கற்பிப்போர் அறிவர். தம்மை விலக்கும் நூற்பாவையே பாடமாகப் படித்து, அதிலேயே தேர்வும் எழுதித் தேற வேண்டிய நிலையில் அம்மாணவர் இருக்கிறார்.

நன்னூலின் கல்விக் கோட்பாட்டைப் பேசும்போது நல்லாசிரியர் இலக்கணத்தைப் போற்றிவிட்டு, விலக்கு நூற்பாவை விரைந்து கடந்துவிடுவது எளிது. அந்நூற்பாவையும் சேர்த்து வாசித்தால்தான் பாயிரத்தின் முழு உருவம் புலப்படும். அவ்வாறு வாசிக்கும்போது, பின்தங்கும் மாணவர் தொடர்பாக இன்று நாம் கையாளும் விதிகளின் உருவமும் உடன் தெளிவாகிறது.

தகுதிகாண் நிலை: சொல்லும் விதியும்

‘புரொபேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்து வழங்குகிறது. அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவரின் தொடக்கக் காலம் ‘தகுதிகாண் பருவம்’ எனப்படுகிறது. குற்ற வழக்கில் சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவரைக் கண்காணிப்பவர் ‘நன்னடத்தை அலுவலர்’ எனப்படுகிறார். முதற்சொல் தகுதியைச் சோதிக்கிறது. இரண்டாவது குற்றத்தை முன்கொள்கிறது. கல்லூரி மாணவர்மீது இவ்விதி செலுத்தப்படும்போது அவர் எந்தப் பொருளில் அதைக் கேட்கிறார் என்பது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. ‘தகுதிகாண் நிலை’ என்றே இக்கட்டுரை குறிப்பிட்டாலும், அறிவிப்புக் கடிதத்தைப் பெறும் மாணவரின் செவியில் மற்றப் பொருளும் ஒலிக்கக்கூடும்.

விதியின் அமைப்பு எளியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 4.0 அளவைக்கு 2.0 என்னும் சராசரித் தரப்புள்ளி எல்லையாக உள்ளது. அதற்குக் கீழே இறங்கிய மாணவர் தகுதிகாண் நிலையில் வைக்கப்படுகிறார். அடுத்த பருவத்துக்குள் எல்லையை எட்டாவிடில் இடைநீக்கமோ நீக்கமோ நேரலாம். கூட்டரசின் கல்வி உதவித்தொகைக்கும் இதையொத்த தனி விதி உண்டு. அதன்படி, படிப்பின் தரமும் அதை முடிக்கும் வேகமும் அளக்கப்படுகின்றன. பட்டத்துக்கு வகுத்த அளவின் 150 விழுக்காட்டைக் கடந்தவருக்கு உதவி நின்றுவிடும். முதலில் எச்சரிக்கை, பின்னர் மாணவரின் முறையீடு, முறையீடு ஏற்கப்பட்டால் தகுதிகாண் காலம் என்று அது படிப்படியாகச் செல்கிறது.

இவ்விதியின் விளைவை ஜேசன் லிண்டோ, நிக்கோலஸ் சாண்டர்ஸ், பிலிப் ஒரியோபுலோஸ் ஆகியோர் கனடாவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். எல்லைக்கோட்டுக்குச் சற்றே மேலும் சற்றே கீழும் நிற்கும் மாணவர்கள் ஏறத்தாழ ஒரே தன்மையர். ஆகவே, அவர்களிடையே பின்னர்த் தோன்றும் வேறுபாட்டை விதியின் விளைவாகக் கொள்ளலாம் என்பது அவர்களின் ஆய்வுமுறை. முதலாண்டு முடிவில் தகுதிகாண் நிலைக்கு உள்ளான மாணவர்களுள் ஒரு பகுதியினர் கல்லூரிக்குத் திரும்பவே இல்லை. ஆண் மாணவர்களிடையே வெளியேறும் வாய்ப்பு இருமடங்காயிற்று. திரும்பியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. ஆயினும் பட்டம் பெறுவோர் விகிதத்தில் பாதகமான விளைவே காணப்பட்டது; பள்ளியிறுதியில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களிடம் அது மிகுதியாகத் தென்பட்டது.

இம்முடிவு கூர்ந்து நோக்கத்தக்கது. திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணினால் விதி வெற்றி பெற்றதாகத் தோன்றும். போனவர்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் அதன் விலை தெரிகிறது. எழுத்தளவில் ஓர் எச்சரிக்கையாக மட்டுமே உள்ள விதி, சிலரிடத்தில் வெளியேற்ற ஆணையாகவே செயற்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நடைமுறை

தமிழ்நாட்டில் இந்தப் பணியைப் பல விதிகள் பகிர்ந்துகொள்கின்றன. முதலாவது வருகைப்பதிவு. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளின்படி தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் இடைப்பட்டவர் மருத்துவம், விளையாட்டு முதலிய காரணங்களைச் சான்றுடன் காட்டி விலக்குப் பெறலாம். அதற்கும் குறைந்தவர் தேர்வெழுத இயலாது. அப்பருவத்தை மீண்டும் பயில வேண்டும். இரண்டாவது அரியர். தேறாத தாளைப் பின்வரும் பருவங்களில் எழுதிக்கொள்ளலாம். நான்காண்டுப் பொறியியல் படிப்பை ஏழாண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஏழாண்டுகளுக்குள் அரியர் வைத்திருக்கும் மாணவரை யார் அழைத்துப் பேசுவது, அவருக்கு எது விளங்கவில்லை என்று யார் கண்டறிவது என்னும் வினாக்களுக்கு எல்லைக்காலம் விடை தருவதில்லை.

மூன்றாவது மெல்லக் கற்போர் பட்டியல். தேசியத் தர மதிப்பீட்டுக் குழு, கல்லூரி தன் மாணவர்களின் கற்றல் நிலையை மதிப்பிட்டு, விரைந்து கற்போருக்கும் மெல்லக் கற்போருக்கும் தனித்தனியே திட்டங்கள் நடத்துகிறதா என்று தன் அளவுகோல்களுள் ஒன்றில் வினவியது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அது துறைதோறும் ஒரு பெயர்ப்பட்டியலாகவும் குறைதீர் வகுப்புப் பதிவேடாகவும் சுருங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. பட்டியலில் ஏறிய மாணவர் எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் பின்தங்கினார் என்ற குறிப்பு இல்லாவிடில், ‘மெல்லக் கற்பவர்’ என்பது அவருடைய அடைமொழியாகிவிடுகிறது.

2020 ஆகஸ்டில், கொரோனாத் தொற்றின்போது, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்களின் அரியர் தேர்வுகளை ரத்துசெய்து அவர்களுக்குத் தேர்ச்சி வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காயிற்று. ‘தரம் தாழும்’ என்றும் ‘மாணவர் வாழ்வு மீளும்’ என்றும் இரு தரப்பாகப் பிரிந்து நின்று பேசப்பட்ட அவ்விவாதத்தின் மையம் தேர்வாகவே இருந்தது. தேர்ச்சி வழங்குவதா, மீண்டும் எழுதச் செய்வதா என்னும் இரண்டு வழிகளுள் எதிலும் கற்பித்தலுக்கு இடமில்லை. அறியாத பாடம் இரண்டிலும் அறியாததாகவே நின்றுவிடக்கூடும்.

பாயிரத்தின் வரிசை

கற்பித்தலுக்கு இடந்தரும் விதி எவ்வாறு இருக்கும் என்பதற்குப் பொதுப்பாயிரத்தின் வரிசை ஒரு சான்று. பவணந்தியார் அதனை ஐந்தாக வகுக்கிறார்: நூல், அதைச் சொல்லும் ஆசிரியர், சொல்லும் முறை, கொள்ளும் மாணாக்கர், அவர் கொள்ளும் முறை. மாணாக்கர் நான்காவதாகத்தான் வருகிறார். அவரைத் தரம் பிரிப்பதற்கு முன்பே நூலுக்கும் ஆசிரியருக்கும் கற்பிக்கும் முறைக்கும் இலக்கணம் சொல்லப்பட்டுவிடுகிறது.

ஆசிரியருக்குச் சொல்லப்படுவன சிலவல்ல. நிலத்தின் பொறுமை, மலையின் வளம், துலாக்கோலின் நடுநிலை, மலரின் மென்மை என்னும் நான்கு உவமைகளால் நல்லாசிரியர் காட்டப்படுகிறார். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்சிக்காய் இட்ட குடம் கொண்ட வரிசையில் கொடுக்காது. மட்டை சூழ்ந்த பனை தன்னை அணுகவிடாது. பஞ்சடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே தரும். வளைந்த தென்னை நீர் வார்த்தவருக்கன்றி அயலாருக்குக் காய் உதிர்க்கும். பாடம் சொல்லும் முறையிலோ, வெகுளாமல், விரையாமல், முகமலர்ச்சியோடு, கேட்பவர் கொள்ளும் ஆற்றலை அறிந்து, அவர் உளங்கொள்ளுமாறு சொல்ல வேண்டும் என்கிறது பாயிரம்.

இங்கே மேற்கண்ட விதிகளை நினைவுகூரலாம். தரப்புள்ளியின் எல்லை, வருகை விழுக்காடு, முடிக்க வேண்டிய ஆண்டு ஆகிய மூன்றும் மாணவரை நோக்கியே பேசுகின்றன. பஞ்சடைத்த குண்டிகையான ஆசிரியரிடம் பயின்று தவறிய மாணவரும், மலர் போன்ற ஆசிரியரிடம் பயின்று தவறிய மாணவரும் அவற்றின் கண்ணில் ஒருவரே. மாணவர் பெற்ற எண்ணை மட்டும் காணும் விதி, அந்த எண் எந்த உறவில் விளைந்தது என்பதைக் காண்பதில்லை.

கற்பிக்கத் தகாதவர் பட்டியல்

பாயிரத்தை இவ்வளவு பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. யாருக்கு நூல் சொல்லலாம் என்னும் இடத்தில் அது தன் மகனையும், ஆசிரியரின் மகனையும், அரசன் மகனையும், பொருள் மிகக் கொடுப்பவரையும், வழிபடுபவரையும் சேர்த்துக்கொள்கிறது. சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுடையவர் இவ்வரிசையின் இறுதியில் வருகிறார். ஆசிரியர் இலக்கணமே குலத்தை முதலாகக் கொண்டு தொடங்குகிறது. பிறப்பும் பொருளும் வாயிற்காவல் செய்த கல்வி அது என்பதை மறைத்துப் பயனில்லை. இன்று நன்னூலைப் பயிலும் மாணவருள் பலர் அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் வழிவந்தவர்கள்.

அடுத்து வருவது விலக்குப் பட்டியல். அதில் பதினைவர் உள்ளனர். இவர்களை மூன்று கூறாகப் பிரிக்கலாம். கள்வர், வஞ்சகர், காமுகர், பாவி போன்றோர் ஒழுக்கம் பற்றி விலக்கப்பட்டவர்கள். சோம்பர், செருக்குடையார், சினமுடையார், மாறுபடுவோர், தூங்குவோர் போன்றோர் மனப்பாங்கு பற்றி விலக்கப்பட்டவர்கள். நோயுற்றவர், அறிவு மந்தமானவர், பழநூலுக்கு அஞ்சுபவர் ஆகியோர் மூன்றாம் கூறு. இவர்கள் எக்குற்றமும் செய்யாதவர்கள். பட்டியலில் வரும் ‘ஏழை’ என்பதை இன்றைய வழக்குப்படி வறியவர் எனக் கொண்டு பவணந்தியாரைக் குறைகூறுவது பொருந்தாது. அச்சொல்லுக்கு அறியாமையுடையவர் என்னும் பழைய பொருளே இவ்விடத்துக்கு ஏற்றது. அவ்வாறு கொண்டாலும் குறை நீங்குவதில்லை. கல்வியால் நீங்க வேண்டிய அறியாமையே கல்வியை மறுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

இம்மூன்றாம் கூறு இன்றைய விதிகளோடு நேரே தொடர்புடையது. நோயுற்றவரே வருகைப்பதிவில் குறைபவர். மந்தமானவர் என்பதன் இன்றைய நயத்தக்க வடிவமே மெல்லக் கற்பவர். அஞ்சித் தடுமாறுபவரே தாளில் தவறுபவர். முதல் எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்பாமற் போகக்கூடியவரும் அவரே. பெயர்கள் மாறியிருப்பினும் விலக்கப்படும் மனிதர் பெரிதும் மாறவில்லை.

ஆனால் பாயிரத்தினுள்ளேயே இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஆசிரியர் ஆகத் தகாதவரின் குற்றங்களுள், கேட்பவருக்கு அச்சம் உண்டாகும்படி பேசுதலும் ஒன்று. மாணவர்பால் அச்சமும் ஆசிரியர்பால் அச்சுறுத்தலும் ஒரே பாயிரத்தில் தகுதியின்மைகளாக வைக்கப்பட்டுள்ளன. இரண்டு நூற்பாக்களையும் தனித்தனியே படித்தால் அச்சம் மாணவரின் இயல்பாகத் தோன்றும். சேர்த்துப் படித்தால் அது ஒருவர் உண்டாக்க, மற்றவர் அடைவதாகவும் இருக்கலாம் என்று தோன்றும். அஞ்சும் மாணவரை விலக்குவதற்கு முன், அவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று வினவப் பாயிரமே இடந்தருகிறது. அவ்வினாவை அது வெளிப்படையாக எழுப்பவில்லை என்பது உண்மை. எழுப்பும் பொறுப்பு அதைக் கற்பிக்கும் நம்முடையது.

மண் என்னும் உவமை

மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரிக்குமிடத்தில் அன்னமும் பசுவும் தலையாயவர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடையாயவர்க்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடையாயவர்க்கு. இவற்றுள் உரைமரபு மண்ணுக்குத் தரும் விளக்கம் இங்கே முதன்மையானது. உழவர் இட்ட முயற்சியின் அளவுக்கு மண் பயன் தரும். அதுபோல, ஆசிரியர் முயன்ற அளவுக்கு இம்மாணவர் விளைவு காட்டுவார்.

மற்ற ஏழு உவமைகளும் மாணவரிடம் உள்ள தன்மையைச் சொல்கின்றன. மண் மட்டுமே ஆசிரியரின் உழைப்பையும் தன்னுள் கொண்ட உவமை. விளைச்சல் குறைந்தால் நிலத்தை மட்டும் பழிக்க முடியாது. உழுதவரையும் கேட்க வேண்டும். எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் பெரும்பாலான மாணவர்களை மண் என்று கொள்வதே தகும். நல்லாசிரியருக்குரிய உவமைகளிலும் நிலம் வருவது குறிப்பிடத்தக்கது. ஆசிரியரும் நிலம், மாணவரும் நிலம் என்னும்போது பொறுமையும் விளைவும் இரு தரப்பின் கடமைகளாகின்றன.

இவ்விடத்தில் கணித மேதை இராமானுசனை எடுத்துக்காட்டும் வழக்கம் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தவர் அவர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. விதி ஒரு மேதையை இழந்தது என்பது உண்மையே. எனினும் இதை முதன்மைச் சான்றாக்குவது வாதத்தை வலுவிழக்கச் செய்யும். மேதையாக இருப்பதனால்தான் தவறியவருக்கு மறுவாய்ப்பு என்றாகிவிட்டால், மேதையல்லாதவருக்கு அது இல்லையென்றாகும். இலக்கணத் தாளில் முப்பது மதிப்பெண் பெற்று, நாற்பது பெற்றால் பட்டம் முடித்து வேலைக்குப் போகக் காத்திருக்கும் மாணவரை அளவாகக் கொண்டே விதியை மதிப்பிட வேண்டும்.

கற்றலின் பங்கீடு

பாயிரத்தின் ஐந்தாம் பகுதி கற்கும் முறை பற்றியது. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும் என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும் என்றும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் அது கணக்கிடுகிறது. ஒருமுறை கேட்டவர் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் முறையறிந்து சொல்லும் ஆற்றல் வரும் என்றும் கூறுகிறது.

மீண்டும் கேட்பது இங்கே தண்டனையாகச் சொல்லப்படவில்லை. கற்றலின் இயல்பான படியாகவே அமைந்துள்ளது. இன்றைய அரியர் முறை மீண்டும் எழுதும் வாய்ப்பைத் தருகிறது. மீண்டும் கேட்கும் வாய்ப்பைத் தருவதில்லை. குறைதீர் வகுப்புகளோ பெரும்பாலும் ஆசிரியர் மறுபடி சொல்வதோடு முடிகின்றன. பாயிரத்தின் கணக்குப்படி அது காற்பங்கையே இரண்டாம் முறை தருவதாகும். உடன்பயில்வோரோடு பழகவும் பிறருக்கு எடுத்துரைக்கவும் பின்தங்கிய மாணவருக்கு வாய்ப்பில்லாததால் முக்காற்பங்கு அவரைச் சேர்வதேயில்லை. புணர்ச்சி விதி ஒன்றைக் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு மாணவர் நால்வருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தவறிய மாணவரிடமே தரலாம். அச்சம் நீங்க அதைவிட எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

விதி எவ்வாறு அமையலாம்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து, துறையளவிலேயே செய்யத்தக்க மூன்று மாற்றங்களை முன்வைக்கலாம்.

முதலாவது, பட்டியலிடப்பட வேண்டியது மாணவரின் பெயரன்று. அவருக்கு விளங்காத பாடப்பகுதி. ‘மெய்யீற்றுப் புணரியலில் உதவி தேவை, இப்பருவ இறுதிவரை’ என்ற குறிப்பு, பருவ முடிவில் தானே காலாவதியாகும். தகுதிகாண் விதியின் உண்மையான சிறப்பு அதன் கால எல்லை. ஒருவரது நிலையை இயல்பாகக் கருதாமல் பருவமாகக் கருதுவதில், அது பாயிரத்தின் விலக்குப் பட்டியலைவிட மேம்பட்டது.

இரண்டாவது, மாணவருக்கு அனுப்பும் கடிதத்தில் துறையின் கடமையும் எழுதப்பட வேண்டும். எந்த ஆசிரியர், எந்த நாளில், எத்தனை முறை அவரைச் சந்திப்பார் என்பது அதில் இருக்க வேண்டும். அக்கடமை நிறைவேறாத இடத்தில் மாணவரை விலக்கும் ஆணை செல்லாது என்பதும் விதியாக வேண்டும். கடிதம் அச்சுறுத்தாத தமிழில் அமைவது இதன் பகுதி. அச்சுறுத்திப் பேசுபவர் ஆசிரியராகார் என்னும் பாயிரக் கருத்து, ஆசிரியரின் சார்பில் எழுதப்படும் கடிதத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, விளைவை அளக்கும்போது திரும்பாதவர்களையும் எண்ண வேண்டும். குறைதீர் வகுப்புக்கு வந்தோரின் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் அறிக்கையில் காட்டுவது, கனடா ஆய்வில் திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ஓர் ஆசிரியர் அறுபது மாணவருக்குப் பாடம் சொல்லும் வகுப்பில், தனித்தனியே கொள்ளும் ஆற்றலை அறிவது இயலுமா? கௌரவ விரிவுரையாளர்களின் நிலையற்ற பணியைக் கொண்டு நடக்கும் துறைகளில் இக்கடமையை யார் மேல் சுமத்துவது? இத்தடை நியாயமானது. ஆனால் அது சுட்டுவது நிறுவனத்தின் குறையை. மாணவரின் குறையை அன்று. நிறுவனத்தால் இயலாததற்கு மாணவர் தம் பட்டத்தை விலையாகத் தரவேண்டும் என்பது அத்தடையிலிருந்து பெறப்படாது.

முடிவுரை

நன்னூற் பொதுப்பாயிரம் மாணவரைத் தரம் பிரித்தது. சிலரை விலக்கவும் செய்தது. ஆயினும் அதற்கு முன்பே ஆசிரியரைத் தரம் பிரித்தது. சிலரை ஆசிரியரல்லர் என்றும் கூறியது. இன்றைய தகுதிகாண் விதிகள் விலக்கைக் கால எல்லைக்குள் அடக்கி நெகிழ்த்தியுள்ளன. ஆசிரியரைப் பற்றிய பகுதியையோ விட்டுவிட்டன. அப்பகுதியை மீட்டு விதிக்குள் சேர்ப்பதே இன்று பாயிரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது. பிறப்பும் பொருளும் பற்றிய அதன் வாயிற்காவலை விட்டொழிப்பதும் அதனோடு உடன்செய்ய வேண்டியது.

இலக்கணத் தாளில் தவறிய மாணவர் அடுத்த பருவம் நன்னூலை மீண்டும் திறக்கும்போது, தம்மைப் பற்றிய நூற்பாவோடு தம் ஆசிரியரைப் பற்றிய நூற்பாவையும் சேர்த்து வாசிக்க அவருக்குக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்பிக்கும் துறையில் பழநூலின் மேலுள்ள அச்சம் குறையும். விலக்கு விதியின் தேவையும் அதனோடு குறையும்.